தொட்டியைக் கழற்றிப் போடாதே

அன்புள்ள விஜி,

தீபாவளிக்குப் பிறகு நான் எழுதவே இல்லை. அப்பாவின் கண் ஆபரேஷன், வீடு மாற்றம் என்று நாள் ஓடிவிட்டது. அப்பா இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிறார். உன்னையும் விசாரித்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மண்ணில்லாமல் தொட்டியில் உரத் தண்ணீர் விட்டு நீ வளர்க்கும் லெட்டூஸ் கீரை மஞ்சளாகி நிற்கும் படங்களைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. எல்லாவற்றையும் கழற்றிப் பழைய சாமான்காரரிடம் போடப்போவதாக எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறுடி.

முதலில் அந்த உரப் பாட்டிலைக் கீழே வை. கெமிஸ்ட்ரி லேபில் குண்டு சார் 'சொட்டுச் சொட்டா' என்று கத்தக் கத்த பியூரெட்டை முழுசாகத் திறந்துவிட்டவள் நீ. உன் மீட்டர் ஈசி, அதாவது தண்ணீரில் கரைந்த உர உப்பின் அளவு, 2.4 காட்டுகிறது. தக்காளி என்றால் தாங்கும். லெட்டூஸுக்கு 0.8 முதல் 1.2 வரை போதும். வெயில் காலத்தில் செடி உப்பைவிடத் தண்ணீரைத்தான் அதிகம் இழுக்கும். ரசம் வற்றினால் கரிக்குமே, அதே கதைதான். மட்டம் இறங்கி ஈசி ஏறினால் வெறும் தண்ணீர் ஊற்று. ஈசியும் சேர்ந்து இறங்கினால்தான் உரம்.

அப்புறம் அந்த இலை மஞ்சள். அடி இலை வெளுத்திருந்தால் தழைச்சத்துக் குறை என்று நினைக்கலாம். உனக்கோ துளிர் இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. செடிக்குள் இரும்புச்சத்து போகவில்லை. தொட்டியில் இரும்பு இருக்கிறது, பிஎச், அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, 7.2-க்குப் போய்விட்டதால் செடிக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். வேர் நைட்ரேட்டை எடுக்க எடுக்க பிஎச் ஏறிக்கொண்டே போகும். உங்கள் சிறுவாணித் தண்ணீர் குடிக்க அமிர்தம். ஆனால் உப்பு குறைந்த தண்ணீர் என்பதால் பிஎச்சைப் பிடித்து நிறுத்த அதில் ஒன்றும் இல்லை. 5.5-க்கும் 6.5-க்கும் நடுவில் வைத்திரு. பிஎச் இறங்க, பாஸ்பாரிக் அமிலத்தை நிறையத் தண்ணீரில் விட்டு, கையுறை போட்டுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர். தினமும் காலையில் அளந்து பார்.

ஏ, பி என்ற இரண்டு உரக் கரைசலையும் ஒரே குவளையில் கலந்து ஊற்றுகிறாய் என்று உன் பையன் சொன்னான். தொட்டி அடியில் வெள்ளையாகப் படிவது அதனால்தான். ஒன்றில் கால்சியம், மற்றதில் சல்பேட்டும் பாஸ்பேட்டும். கெட்டியாகச் சேர்ந்தால் ஜிப்சமாக இறங்கிவிடும், செடிக்கு உதவாது. ஒன்றைத் தொட்டியில் ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகு அடுத்ததை ஊற்று.

எவ்வளவு உப்பு என்பதைத்தான் மீட்டர் சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. செடி விரும்பாதது தங்கிப்போகும். ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முழுசாக மாற்று. பழைய கரைசலை வாழைக்கு விடு. தொட்டிக்கு நிழல் கட்டு. தண்ணீர் சுட்டால் கரைந்த ஆக்ஸிஜன் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம், 30 டிகிரியில் ஏழரைதான். வேர் அழுகல் அப்போதுதான் வரும். ஏர் பம்ப்பை ராத்திரியும் நிறுத்தாதே.

விஜி, ஓய்வு பெற்ற பிறகு நீ போனில் குரல் எழும்பப் பேசியது இந்தச் செடிகளைப் பற்றி மட்டும்தான். அதற்காகவே இவ்வளவு எழுதுகிறேன். இன்றைக்கே கரைசலை மாற்றிவிட்டு ஈசி, பிஎச் இரண்டையும் எழுது. மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகாவிட்டாலும் கவலைப்படாதே, அடுத்து வரும் துளிரைப் பார். பத்மா மகள் கல்யாணத்துக்கு டிக்கெட் போட்டாயா?

உன்,
சாந்தி