இரை கக்கும் பாம்பைக் காட்டில் விட வேண்டாம்

பத்திராதிபர் அவர்களுக்கு,

பாம்பை வீட்டில் வளர்ப்பது சரியா, பிழையா என்ற விவாதத்துக்குள் நான் இறங்கவில்லை. வெங்கிணாந்தி (இங்குள்ள மலைப்பாம்பு) போன்ற நம் நாட்டுப் பாம்புகளை அனுமதியின்றி அடைத்து வைத்திருப்பது சட்டப்படி குற்றம். வெளிநாட்டுப் பாம்பைக் கொண்டுவருவதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதை வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் ‘போல் பைதன்’ எனப்படும் ஆபிரிக்க மலைப்பாம்பைக் கண்ணாடித் தொட்டியில் வைத்திருக்கும் இளைஞர்கள் நம் திருகோணமலையிலும் இருக்கிறார்கள். அந்தப் பாம்புக்கு வயிறு கெட்டால் என்ன செய்வது என்பது அவர்களில் பலருக்கும், அவர்கள் நாடிச் செல்லும் வைத்திய நிலையங்களுக்கும் தெரியாமல் இருப்பதே என்னை இக்கடிதத்தை எழுத வைத்தது.

கடந்த மாரிகாலத்தில் எங்கள் அயலில் இருந்த ஒரு பாம்பு, விழுங்கிய எலியை இரண்டாம் நாள் இரவு அப்படியே கக்கிவிட்டது. மயிர் ஊறிக் கழன்று, வயிற்றுப் பக்கம் பச்சை பூத்துக் கிடந்த அந்த எலியின் நாற்றத்தில் அறைக்குள் நிற்க முடியவில்லை. வீட்டார் முதலில் ஓமத்தண்ணீர் பருக்கினார்கள்; பிறகு கிண்ணத்தில் பால் வைத்தார்கள்; அதன்பின் “பட்டினி கிடக்கிறதே” என்று இரங்கி, வாயைத் திறந்து இன்னோர் எலியைத் திணித்தார்கள். அதுவும் வெளியே வந்தது. கால்நடை வைத்திய நிலையமொன்றுக்குக் கொண்டுபோனபோது, மாடு, ஆடு, நாய் என்றால் பார்க்கலாம் என்ற பதிலே கிடைத்ததாம். கடைசியில் அந்தப் பாம்பை வளர்த்த தம்பி என்னிடம் வந்து, “ஐயா, கன்னியாப் பக்கம் காட்டுக்குள் விட்டுவிடட்டா?” என்று கேட்டார்.

பாம்பின் உடலுக்குத் தானாகச் சூடு பிறப்பிக்கும் ஆற்றல் பெரும்பாலும் இல்லை. சுற்றுப்புறத்தின் வெப்பத்தைக் கொண்டே அது இரையைச் செரிக்கிறது. இந்த வகை மலைப்பாம்புக்குத் தொட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 பாகை செல்சியஸ் வரையும், மறுபக்கம் 25 முதல் 27 பாகை வரையும் இருக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் வெயில் காலத்தில் நமது ஊரின் வெக்கையே இதற்குப் போதும். அப்போது தகரக் கூரையின் கீழ் மூடிய தொட்டியை வைத்தால் பாம்பு வெந்து சாகும் என்பதே கவலை. மாரியிலோ நிலைமை வேறு. மழை விடாமல் பெய்யும் இரவுகளில் வெப்பநிலை 24 பாகையை அண்டி இறங்க, மின்வெட்டில் சூட்டு விளக்கும் அணைந்துவிட்டால், வயிற்றிலுள்ள எலி செரிப்பதற்கு முன் அழுகத் தொடங்குகிறது. பாம்பு அதை வெளியே தள்ளித் தன்னைக் காத்துக்கொள்கிறது. உடலின் மிகப் பருத்த பகுதியை விடப் பெரிய இரையைக் கொடுப்பதும், இரை எடுத்து 48 மணித்தியாலம் கழியுமுன் தூக்கி விளையாடுவதும் இதே விளைவைத் தரும்.

கக்கியபோது வந்த அமிலம் தொண்டைக் குழாயை அரித்திருக்கும். செரிமான நீரும் இழக்கப்பட்டிருக்கும். எனவே உடனே மீண்டும் இரை கொடுப்பதைப் போன்ற கெடுதல் வேறில்லை. சுத்தமான தண்ணீர் மட்டும் வைத்து, சூட்டைச் சரிசெய்து, குறைந்தது 10 முதல் 14 நாள் தொடாமல் விட்டு, பிறகு வழக்கமான அளவில் பாதியளவான இரையைக் கொடுக்க வேண்டும். நல்ல உடல்நிலையிலுள்ள வளர்ந்த மலைப்பாம்பு மாதக்கணக்கில் உண்ணாமல் இருக்கும் என்பதால் பட்டினிக்கு அஞ்ச வேண்டியதில்லை. நாகதம்பிரானுக்குப் பாலும் முட்டையும் படைப்பது நம் வழிபாடு, நானும் படைப்பவன்தான். ஆனால் பாம்பின் குடல் பாலுக்கு ஏற்றதன்று என்பதால், அதை மருந்தாக்க வேண்டாம். கடற்கரை மணலைத் தொட்டியில் பரப்புவதையும் கைவிட வேண்டும். இரையோடு உட்சென்று குடலை அடைக்கும். அடியில் விரிக்கப் பழைய பத்திரிகையே மேல் (தங்கள் பத்திரிகைக்கு இப்படியும் ஒரு பயன் உண்டென்று சொன்னால் கோபிக்க மாட்டீர்கள் என நம்புகிறேன்).

இவ்வளவு செய்தும் மீண்டும் கக்கினாலோ, மலத்தில் சளியோ இரத்தமோ கண்டாலோ, அது கிருமியின் வேலையாக இருக்கலாம். ‘என்டமீபா இன்வேடன்ஸ்’ என்ற அமீபா ஆமைகளின் குடலில் பெரும்பாலும் தீங்கின்றி வாழ்வது. பாம்புக்குள் போனால் குடலையும் ஈரலையும் புண்ணாக்கிக் கொல்லும். ஆமையும் பாம்பும் ஒரே பாத்திரத்தில் நீர் அருந்தக் கூடாது என்பது இதனால்தான். ‘கிரிப்டோஸ்போரிடியம்’ என்ற இன்னொன்று இரைப்பையின் சுவரைத் தடிக்கச் செய்து உடலின் நடுப்பகுதியை வீங்க வைக்கும். அதற்கு உறுதியான மருந்து இல்லை. சாதாரண குளோரின் கரைசலில் அது சாவதுமில்லை. அது மலத்தில் விட்டுவிட்டே வெளிப்படுவதால், ஒருமுறை சோதித்துக் காணவில்லை என்று நிம்மதியடையவும் முடியாது. மருந்துக் கடையில் மனிதருக்கு விற்கும் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தை ஊகத்தில் கொடுப்பவர்கள், அளவு மிஞ்சினால் பாம்பின் நரம்பு மண்டலம் பாதிக்கப்படும் என்பதை அறிய வேண்டும்.

அந்தத் தம்பிக்கு நான் வேண்டாம் என்று சொன்னதன் காரணமும் இந்தக் கிருமிகளே. நோயுற்ற பாம்பொன்றைக் காட்டில் விட்டால், அது அங்கு பிழைக்கப் போவதில்லை. ஆனால் சாவதற்குள் அதன் மலம் குளத்து நீரில் கலந்துவிடும், அந்த நீரை நம் வெங்கிணாந்தியும் சாரையும் குடிக்கும். வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை: பாம்பின் மலத்தில் மனிதருக்கு வயிற்றோட்டத்தை உண்டாக்கும் சல்மொனெல்லா என்ற கிருமி இருக்கக்கூடும். பாம்பின் தொட்டியைச் சமையலறையில் பாத்திரம் கழுவும் இடத்தில் கழுவாதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

கிழக்கு மாகாணக் கால்நடைத் துறை அதிகாரிகளிடம் நான் வேண்டுவது பெரிய செலவுள்ள காரியமன்று. ஆட்டின் மலத்தை உப்புக் கரைசலில் மிதக்கவிட்டுப் புழு முட்டைகளை நுணுக்குக்காட்டியில் பார்க்கும் அதே முறை பாம்புக்கும் பொருந்தும். இங்கு பார்க்க முடியாத மாதிரிகளைப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்துக்கு அனுப்புவதற்கு ஓர் ஒழுங்கு செய்யலாம். அனுமதிப்பத்திரம் இல்லாதவர் பிடிபடுவோம் என்ற அச்சத்தில் பாம்பை மறைத்துக் காட்டில் எறிவதை விட, நிலையத்தில் ஒப்படைத்துவிட்டுப் போக ஒரு வழி இருப்பதும் நல்லது. மாதிரி கொண்டு வருவோர் அன்று கழித்த மலத்தையே காயவிடாமல் மூடிய போத்தலில் எடுத்து, கடைசியாக எப்போது எந்த இரை கொடுத்தார்கள், எத்தனையாம் நாள் கக்கியது, தொட்டியின் சூடு எவ்வளவு என்பவற்றையும் ஒரு தாளில் எழுதிவந்தால் வைத்தியரின் வேலை பாதி குறையும்.

இவ்வண்ணம்,
கால்நடைத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற வாசகர்,
உவர்மலை, திருகோணமலை.