சோத்தைக் குறைச்சவங்க எப்ப ஓடணும்னு யாராவது சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் சிங்கப்பூர்ல பிடோக்ல இருக்குறேன், வயசு 44, ஷிஃப்ட் வேலை. எங்க புளோக்குக்கு கீழ காலையில சேந்து நடக்குறவங்க 11 பேரு, அதுல 4 பேரு இந்த வருஷம் சோத்தை விட்டுட்டாங்க, லோ கார்ப்பு, அதாவது மாவுச்சத்தைக் குறைக்கிற சாப்பாடுன்னு சொல்லி முட்டை, மீனு, கோழி, கீரை இப்படித்தான் ஓடுது, நானும் அதுல ஒருத்தன். உடம்பு குறையுது, அதுல சந்தேகமே இல்ல. ஆனா சாப்பாட்டை மாத்துனா உடற்பயிற்சி பண்ற நேரத்தையும் மாத்தணும், இதை யாருமே சொல்ல மாட்டேங்கிறாங்க. "வெறும் வயித்துல ஓடு, கொழுப்பு கரையும்", வாட்ஸ்அப்புல சுத்துறது இந்த ஒரு வரி மட்டும்தான். அதை நம்பி எங்க அக்கா பட்டதைச் சொல்லத்தான் எழுதுறேன்.

அக்காவுக்கு 58 வயசு. ரொம்ப வருஷமா சக்கரை இருக்கு, மெட்ஃபார்மினோட கிளிக்லசைடும் போடுறாங்க. என்னைப் பாத்துதான் அவங்களும் சோத்தை நிறுத்துனாங்க, ரெண்டாவது வாரமே ஒரு வகுப்புல வேற சேந்துட்டாங்க, காலையில 7 மணிக்கு, படிக்கட்டு ஏறி இறங்குறது, குதிக்கிறது, நடுநடுவுல ஓட்டம். வகுப்பு எடுத்தவரு நல்ல மனுசன்தான், ஆனா சாப்பிட்டீங்களா, என்ன மாத்திரை போடுறீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல, காலி வயித்தோட வாங்கன்னு மட்டும் சொல்லியிருக்காரு. அக்கா எப்பவும் போல மாத்திரையைப் போட்டுட்டு பசியாறாமப் போயிட்டாங்க.

வகுப்பு முடிஞ்சு என்னோட பிடோக் நீர்த்தேக்கத்தை ஒரு சுத்து நடக்கலாம்னு வந்தாங்க, அந்தச் சுத்து 4.3 கிலோமீட்டர், பாதி கூட போகல, பேச்சு குழறிப்போச்சு. இடுப்புல கட்டியிருந்த பையைத் திறக்கப் பாத்தாங்க, விரல் ஜிப்பைப் பிடிக்கல, மூணு தடவை இழுத்தாங்க, அப்புறம் கையை எடுத்துட்டு அந்த ஜிப்பையே பாத்துக்கிட்டு நின்னாங்க. கையைத் தொட்டா சில்லுன்னு வேர்வை. பையைத் திறந்து சக்கரை பாக்குற மிஷினை எடுத்துக் குத்திப் பாத்தேன், 3.1 மில்லிமோல். நாலுக்குக் கீழ போனாலே ஆபத்துன்னு எங்க வீட்டுல சின்னப் பிள்ளைக்குக் கூட தெரியும்.

பெஞ்சுல உக்கார வெச்சு, அந்தப் பக்கம் வந்த ஒரு சீன அங்கிளைப் பாத்துக்கச் சொல்லிட்டு பானம் விக்கிற மிஷினைத் தேடி ஓடுனேன். அங்க போய் நின்னா கண்ணுக்குப் பட்டதெல்லாம் ஸீரோ சுகர். 2022 டிசம்பர் 30-லேருந்து, பானத்துல சக்கரையும் கொழுப்பும் எவ்வளவுன்னு ஏ-லேருந்து டி வரைக்கும் தரம் போடுற நியூட்ரி கிரேட் முத்திரை வந்தது நல்ல விஷயம், நான் குறை சொல்லல, ஆனா அந்த நேரத்துல சக்கரை இல்லாத பானம் அவங்களுக்கு வெறும் தண்ணிதான். கடைசி வரிசையில சி முத்திரையோட ஒரு கிரிசாந்திமம் டீ பாக்கெட் இருந்துச்சு, 250 மில்லி, 100 மில்லிக்கு 6 கிராம் சக்கரைன்னு போட்டிருந்தான், கணக்குப் போட்டா 15 கிராம், அந்த நேரத்துக்குக் கொடுக்க வேண்டிய அளவு சரியா அதுதான். கொடுத்துட்டு 15 நிமிஷம் கழிச்சுப் பாத்தா 4.6, பேச்சும் தெளிஞ்சுடுச்சு.

ஏன் இப்படி ஆச்சுன்னு அப்புறமா டாக்டர் பொறுமையா எடுத்துச் சொன்னாரு. நம்ம ஈரல்ல ஒரு 100 கிராம், தசையில ஒரு 400 கிராம்னு மாவுச்சத்து சேமிப்பு இருக்கும், கிளைக்கோஜன்னு பேரு. சோத்தைக் குறைச்சா அந்தச் சேமிப்பும் குறையும், ராத்திரி தூக்கத்துலயே ஈரல் தன் பங்கைச் செலவு பண்ணிடும், காலையில மிச்சம் கொஞ்சம்தான். நிதானமா நடந்தா உடம்பு கொழுப்பை எடுத்துச் சமாளிக்கும், ஆனா குதிச்சு ஓடுனா தசை சக்கரையைத்தான் கேக்கும். கிளிக்லசைடு இருக்கே, அது ரத்தத்துல சக்கரை இருக்கா இல்லையான்னு பாக்காம இன்சுலினைச் சுரக்க வெக்கிற மாத்திரை. மூணும் ஒரே காலையில சேந்தா என்ன ஆகும். கிளிப்பிசைடு போடுறவங்களுக்கும், இன்சுலின் ஊசி போடுறவங்களுக்கும் இதே கதைதான், அதுவும் ஊசி போடுறவங்களுக்குக் கடுமையா ஓடுன அன்னைக்கு ராத்திரி தூக்கத்துல கூட சக்கரை இறங்கலாம். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின்னு வேற வகை சக்கரை மாத்திரை போடுறவங்க சோத்தைக் குறைக்கிறதுக்கு முன்னாடியே டாக்டரைக் கேட்டாகணும், ஏன்னா சக்கரை அளவு பெருசா ஏறாமலே ரத்தம் அமிலமாப் போற ஆபத்து அதுல இருக்கு.

மாத்திரையே போடாதவங்களுக்கும் நேரம் முக்கியம். அக்கா மகன் ரிசர்விஸ்ட், ஐபிபிடி-ங்கிற தேசிய சேவை உடற்தகுதித் தேர்வுக்காக உடம்பைக் குறைக்கணும்னு கீட்டோ, அதாவது மாவுச்சத்தை ரொம்பவே குறைச்சு கொழுப்பைக் கூட்டுற சாப்பாடு, ஆரம்பிச்சான், 5 கிலோ குறைஞ்சும் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்துல நேரம் கூடிப்போச்சு, பையன் மனசு ஒடிஞ்சுட்டான். 2017-ல ஆஸ்திரேலியாவுல லூயிஸ் பர்க் குழு உலகத்தரமான நடைப்பந்தய வீரர்களை வெச்சு 3 வாரம் பாத்தாங்க, கீட்டோ சாப்பிட்டவங்களுக்குக் கொழுப்பு நல்லா எரிஞ்சது, ஆனா அதே வேகத்துல நடக்கக் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்பட்டுச்சு, மாவுச்சத்து சாப்பிட்டவங்க வேகம் கூடுனப்ப இவங்களுக்குக் கூடல. அதனால டெஸ்ட் நெருங்குறப்ப சோத்தை அடியோட நிறுத்தாதடான்னு சொல்லிட்டேன்.

சரி, வெறும் வயித்துல பண்ணா கொழுப்பாவது கூடக் கரையுதா? 2014-ல பிராட் ஷோன்ஃபெல்ட் குழு 20 இளம்பெண்களை வெச்சுப் பாத்தாங்க, 4 வாரம், வாரத்துக்கு 3 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், பாதிப்பேரு சாப்பிட்டுட்டு, பாதிப்பேரு சாப்பிடாம. ரெண்டு குழுவும் சாப்பாட்டு அளவைக் குறைச்சவங்கதான், ரெண்டுலயும் எடை ஒண்ணுபோலத்தான் குறைஞ்சது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் இதைப் படிச்சப்பறம் அக்கா பட்ட பாட்டை நெனச்சா எனக்கு மனசு ஆறல.

இப்ப நான் பண்றதைச் சொல்றேன். காலையில கோபி ஓ கோசோங், அதான் பாலும் சக்கரையும் இல்லாத காப்பி, மட்டும் குடிச்சுட்டு 40 நிமிஷம் நடை, பேசிக்கிட்டே போற வேகம், அதுக்கு மேல இல்ல. எடை தூக்குறது, ஓட்டமெல்லாம் சாயங்காலம் 7 மணிக்கு மேல, நம்ம ஊர்ல சூரியன் மறையுறதே அப்பதான், வெக்கையும் கொஞ்சம் தணியும். அன்னைக்கு மட்டும் 5.30-க்கு 150 கிராம் சோறு, அதுல மாவுச்சத்து 42 கிராம் வரும், மத்த நேரம் தொடுறதில்ல, நாள் முழுக்கக் கூட்டுனாலும் மாவுச்சத்து 100 கிராமைத் தாண்டாது. முன்னாடி சாப்பிட முடியாதவங்க பயிற்சி முடிஞ்சு சாப்பிட்டாலும் வீணில்ல, அப்ப தசை சக்கரையை நல்லா இழுத்துக்கும். நைட் ஷிஃப்ட் வாரத்துல கடும்பயிற்சியே கிடையாது, தூங்காத உடம்பைப் போட்டு வதைக்கக்கூடாது.

முதல் 2, 3 வாரம் மட்டும் யாரா இருந்தாலும் லேசா வெச்சுக்குங்க. அப்ப சட்டுன்னு குறையுற கிலோவுல பாதிக்கு மேல தண்ணிதான், ஒரு கிராம் கிளைக்கோஜனோட ஏறக்குறைய 3 கிராம் தண்ணி ஒட்டியிருக்கும், கூடவே உப்பும் சிறுநீர்ல போயிடும், அதான் தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு, எந்திரிச்சா கண்ணு இருட்டுறது. இந்த வெக்கையில வேர்வையா வேற போகுது. நான் ரசமும் நெத்திலி சூப்பும் குடிச்சேன், சரியாச்சு, ஆனா பிரஷர் மாத்திரை போடுறவங்க என்னைப் பாத்து உப்பைக் கூட்டாதீங்க, கேட்டுட்டுச் செய்யுங்க.

ஆசிரியர்கிட்ட கேக்குறது ஒண்ணுதான். உங்க சுகாதாரப் பக்கத்துல இந்த மாத்திரைப் பேருங்களைத் தமிழ்லயே பெரிய எழுத்துல போடுங்க, அட்டையில இருக்குற ஆங்கிலப் பேரை எங்க அக்கா மாதிரி ஆளுங்க நிறம் பாத்துத்தான் அடையாளம் வெச்சிருக்காங்க. வட்டாரத்துல வகுப்பு எடுக்குறவங்களும் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பசியாறியாச்சா, சக்கரைக்கு என்ன போடுறீங்கன்னு ரெண்டே கேள்வி கேக்கணும், அரை நிமிஷம் கூட ஆகாது.

அக்காவுக்கு டாக்டர் கிளிக்லசைடு அளவைக் குறைச்சுட்டாரு, சோறும் மதியம் ஒரு கைப்பிடி திரும்ப வந்துடுச்சு. இப்ப பசியாறிட்டுத்தான் நடக்க வர்றாங்க, இடுப்புப் பையில ஜிப் வேண்டாம்னு பட்டன் வெச்ச பையா மாத்திட்டாங்க, உள்ள குளுக்கோஸ் மிட்டாய் இருக்கு.

இப்படிக்கு,
பிடோக் வாசகர் ஒருவர்