கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் பாடம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் அதனுள் மடித்து வைத்திருந்த வரைபடமும் கிடைத்தன. பள்ளிக்குப் பின்னால் சும்மா கிடந்த நிலத்தைப் பிள்ளைகளுக்காகக் கேட்டு வாங்கிவிட்டாய் என்று படித்ததும் சிரிப்பு வந்தது. அடம்பிடிப்பதில் நீ மாறவே இல்லை. முழங்கால் வலி இப்போது எப்படி? இங்கே எல்லோரும் நலம். நானும் ஒருவழியாக அந்தப் பெர்மாகல்ச்சர் வகுப்பை முடித்துவிட்டேன். 72 மணி நேரம், எந்த நாட்டில் படித்தாலும் வழக்கமான அளவு அதுதான். சான்றிதழ் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

“இயற்கை விவசாயத்துக்கே வைத்த இன்னொரு பெயர்தானே இது?” என்று கேட்டிருந்தாய். பாதி சரி. இயற்கை விவசாயம் பெரும்பாலும் மண்ணில் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று பார்க்கும். பெர்மாகல்ச்சர் எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது என்று கேட்கும். ஒன்றின் கழிவு அடுத்ததற்குத் தீனியாகும்படி இடம் அமைப்பதுதான் அதன் வேலை. 1970களில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பில் மோலிசனும், அப்போது மாணவராக இருந்த டேவிட் ஹோம்கிரனும் சேர்ந்து இதை வகுத்தார்கள். முதல் நூல் 1978இல் வந்தது. இயற்கையை ஆற்றலின் வரத்தும் போக்குமாகப் படம் போட்டுப் பார்த்த ஹோவர்ட் ஓடம் என்ற சூழலியலாளரின் தாக்கம் ஹோம்கிரனிடம் பலமாக உண்டு. ஆக, பொருள்களைத் தனித்தனியாகப் பார்க்காமல் ஒன்றோடொன்று பிணைந்த தொடர்பாகப் பார்க்கும் அமைப்புச் சிந்தனை பிறகு வந்து ஒட்டிக்கொண்டதில்லை, வேரே அதுதான். பலர் அந்த வேரை விட்டுவிட்டுச் சுருள் வடிவ மூலிகைப் பாத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். படம் எடுக்க அழகாகத்தான் இருக்கும்.

பிள்ளைகளுக்கு எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டாயே, அவரைக்கொடியை ஏற்றிவிட்டு, அதில் அசுவினிப் பூச்சி விழும்வரை காத்திரு என்பேன். இளந்தளிரைத் திருப்பினால் கருகருவென்று அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சும். வெதுவெதுப்பான பருவத்தில் அவற்றுக்கு ஆண் துணைகூடத் தேவையில்லை. தாய்ப்பூச்சி முட்டையிடாமல் நேராகவே குட்டி போடும், அந்தக் குட்டியும் ஒரு வாரம் பத்து நாளில் தாயாகிவிடும். இரண்டு தளிரில் இருந்தது கொடி முழுக்கப் பரவும்போது நமக்குக் கை துறுதுறுக்கும். அந்த நேரம் பார்த்துப் பிள்ளைகள் கையில் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்து இலையின் அடிப்புறத்தைப் பார்க்கச் சொல். மஞ்சள் முட்டைகள் கொத்தாக, நெட்டுக்குத்தாக நின்றால் அவை பொறிவண்டு இட்டவையாக இருக்கும். குஞ்சுக்குத் தீனி வேண்டும் என்பதால், அசுவினி பெருகிய இடமாகப் பார்த்துத்தான் தாய் வண்டு முட்டையிடும். பொரிந்து வரும் புழுவைப் பொறிவண்டின் பிள்ளை என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். கறுத்து நீண்ட உடம்பு, ஆறு கால், முதுகில் ஆரஞ்சுத் திட்டுகள். கெட்ட பூச்சி என்று முதலில் நசுக்கப்படுவது இதுதான். விட்டுவைத்தால் கூட்டுப்புழு ஆவதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினியைத் தின்று தீர்க்கும்.

அசுவினி ஏறுவதற்கும் பொறிவண்டு ஏறுவதற்கும் நடுவே சில வாரங்கள் போகும். மருந்தடிக்கத் தோன்றுவதும் அதே வாரங்களில்தான். அடித்தால் இரண்டும் சாகும். ஆனால் அசுவினி சட்டென்று மீண்டுவிடும், வண்டு வர நாளாகும். அடுத்த முறை தடுக்க ஆளில்லாததால் மறுபடியும் மருந்து வேண்டியிருக்கும். நோட்டில் வாரவாரம் இரண்டையும் எண்ணிக் கோடு வரையச் சொல். சில கொடிகளில் கணக்கு உதைக்கும். அங்கே எறும்பு இருக்கிறதா என்று பார்க்கட்டும். அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நின்று பொறிவண்டை விரட்டும். வண்டு வராமலே கொடி வாடுவதும் உண்டு. அப்போது தண்ணீரைப் பீய்ச்சி அடித்துப் பூச்சியை உதிர்த்துவிட்டால் போதும்.

அசுவினிக்கும் பொறிவண்டுக்கும் நடுவே விழும் இந்த இடைவெளிதான் எனக்கு வகுப்பில் உறைத்தது. நீடித்த வாழ்வு பற்றி நாம் பேசும் எல்லாமே காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவிலுள்ள காலத்தில்தான் சிக்கிக்கொள்கின்றன. 1972இல் வந்த ‘வளர்ச்சியின் எல்லைகள்’ அறிக்கையை எழுதியவர்களில் முதன்மையானவர் டொனெல்லா மெடோஸ். அவர் இதைக் குளியல் தொட்டியை வைத்து விளக்குவார். குழாயைக் கொஞ்சம் திருகிக் குறைத்தாலும், வடிவதைவிட விழுவது அதிகமாக இருக்கும்வரை தொட்டியின் மட்டம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். காற்றில் சேரும் கரியமில வாயுவும் அப்படித்தான். வெளியேற்றம் உயராமல் நின்றுவிட்டால் காற்றில் உள்ள அளவும் நின்றுவிடும் என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர்களே தவறாகக் கணித்ததை ஜான் ஸ்டெர்மன், லிண்டா பூத் ஸ்வீனி என்ற ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். மண்ணில் சேரும் மக்கிய இலைதழையும் இதே ரகம்தான். இன்று மூடாக்குப் போட்டுவிட்டு அடுத்த மாதம் மண் கறுத்துவிட்டதா என்று கிளறிப் பார்ப்பதில் பயனில்லை. மெடோஸ் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ஒரு பண்ணையிலும் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். அவர் எழுத்தில் மண் வாசனை அடிப்பதற்கு அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றும்.

மழை நாளில் வகுப்பறைக்குள் ஆட ஓர் ஆட்டம் இருக்கிறது. எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரெஸ்டர் குழுவினர் உருவாக்கியது, பெயர் பீர் விளையாட்டு. பள்ளியில் அந்தப் பெயரைச் சொன்னால் தலைமையாசிரியர் முகம் போகும் போக்கு எனக்குத் தெரியும், நீ பழரசம் என்று மாற்றிக்கொள். சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என்று நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் ஆர்டர் கொடுப்பார்கள். ஒருவரோடொருவர் பேசக் கூடாது. வாடிக்கையாளர் கேட்பது வாரம் 4 பெட்டியிலிருந்து ஒரே ஒரு தடவை 8ஆக உயரும், பிறகு மாறவே மாறாது. ஆனால் சரக்கு வந்து சேரத் தாமதமாவதால் பதறிப்போய் ஆளுக்கு ஆள் கூட்டிக் கேட்டு, கடைசியில் ஆலைக்காரன் தலையில் மலைபோல் குவியும். யார் மேல் தப்பு என்று சண்டை வரும். வரட்டும், சண்டை முடிந்த பிறகு வாடிக்கையாளர் வாரவாரம் கேட்ட அளவின் பட்டியலைக் காட்டு.

பெர்மாகல்ச்சர்காரர்கள் சொல்வதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதே. இந்தச் செடி ஆழத்திலிருந்து சத்தை இழுத்து மேலே தரும், அந்தச் செடி பக்கத்தில் இருந்தால் பூச்சியே வராது என்று அடித்துச் சொல்வார்கள். பலவற்றுக்குச் சரியான சோதனை நடந்ததில்லை. உன் பிள்ளைகள் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாத்தி போட்டுத் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும். ஹோம்கிரன் 2002இல் எழுதிய பன்னிரண்டு கோட்பாடுகளில் முதலாவதே கவனிப்பதைப் பற்றியதுதான்.

இனி உன் வரைபடம். கம்போஸ்ட் குழியை எதற்குக் கடைக்கோடிக்குத் தள்ளியிருக்கிறாய்? தினமும் தொட வேண்டியது கதவருகே இருக்க வேண்டும், எப்போதாவது எட்டிப்பார்ப்பது தூரத்தில் இருக்கலாம். மோலிசன் பிரித்த மண்டலங்களின் சாரம் இதுதான். தூரத்தில் வைத்த குழியைப் பிள்ளைகள் இரண்டாவது வாரமே மறந்துவிடுவார்கள்.

மழைநீர் வாய்க்காலைச் சமமட்டத்தில் வெட்டப்போவதாக எழுதியிருக்கிறாய், ஆனால் சரிவு எந்தப் பக்கம் என்று ஓர் அம்புக்குறிகூட இல்லை. உச்சியில் சேர்த்துக் கட்டிய சம நீளக் கம்பு இரண்டு, ஒரு குறுக்குச் சட்டம், உச்சியிலிருந்து நூலில் தொங்கும் ஒரு கல். மட்டம் பார்க்க இது போதும். சட்டத்தை நிறுத்தி, நூல் குறுக்குச் சட்டத்தில் படும் இடத்தைக் குறி. கால்களை இடம் மாற்றி நிறுத்தி மறுபடி குறி. இரண்டு குறிகளுக்கும் நட்டநடுவே நூல் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. செங்குத்தான சரிவாக இருந்தால் வாய்க்காலே வேண்டாம், நீர் ஊறி மண் சரிந்துவிடும்.

அடுத்த பெருமழையில் குடை பிடித்துக்கொண்டு எல்லோரும் வெளியே போய், தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று வரைந்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். அதுவரை மண்வெட்டியைப் பூட்டி, சாவியை உன்னிடமே வைத்துக்கொள்.

என்றும் உன்,
பழைய கடைசி பெஞ்சுக்காரன்