ஷூ கம்பெனி முதலாளிகளுக்கு: கேன்டீன் தட்டைப் பற்றி ஒரு திறந்த மடல்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு என்று பழைய வட ஆற்காடு முழுக்கத் தோல், காலணித் தொழில் நடத்தும் முதலாளிகளுக்கு வணக்கம்.

விடிந்ததும் விடியாததுமாக உங்கள் கம்பெனி பஸ்கள் எங்கள் ஊர்ப் பக்கம் வந்துவிடும். ஏறுபவர்களில் பெண்களே அதிகம். வீட்டுக்குச் சமைத்து, பிள்ளைகளுக்கு டிபன் கட்டிவிட்டு, தாங்கள் ஒரு டம்ளர் டீயோடு ஓடி வருகிறவர்கள். என் தங்கையும் அப்படித்தான். மதியம் வரை வயிற்றில் அந்த டீயும், இடைவேளையில் தின்ற பன்னும்தான்.

அவள் வேலை பார்க்கும் இடத்தில் மதியம் தட்டு நிறையச் சோறு, தண்ணீராய்ச் சாம்பார், ஒரு கரண்டி உருளைக்கிழங்கு. நல்ல சாப்பாடு போடும் கம்பெனிகளும் இருக்கின்றன, அவர்களைச் சொல்லவில்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்குத் தானியம் 250 கிராம் போதும். பருப்பு வகை 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம் வேண்டும். பழம், பால் தனி. நம் கேன்டீன் தட்டு இதற்குத் தலைகீழ்.

சோற்றைக் குறைத்தால் ஆட்களுக்குப் பசிக்கும் என்று கான்ட்ராக்டர் சொல்வார். சோற்றை மட்டும் குறைத்தால் பசிக்கும்தான். அந்த இடத்தில் கெட்டிப் பருப்பும், முருங்கைக்கீரையும், ஒரு முட்டையும் வந்தால் சாயந்திரம் வரை தாங்கும். வாரத்தில் இரண்டு நாள் கேழ்வரகுக் களி போடலாம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். வெள்ளை அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்தது. அது விளைகிற பக்கத்தில் தினமும் உருளைக்கிழங்கு எதற்கு? பன்னுக்குப் பதிலாக ஒரு கை அவித்த மல்லாட்டை (வேர்க்கடலை) கொடுங்கள், புரதம் கிடைக்கும்.

அப்புறம் டீ. இதற்குக் காசே செலவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சாப்பாட்டோடு எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ இருந்தால் அதே இரும்பு கூடுதலாகச் சேரும்.

250 பேருக்கு மேல் வேலை செய்தால் கேன்டீன் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. கேன்டீன் இருக்கிறது, சரி. அதில் என்ன சமைப்பது என்று முடிவு செய்யும்போது தையல் பிரிவுப் பெண்கள் இரண்டு பேரையாவது கூப்பிட்டு உட்காரவையுங்கள். மெனு மாற நாளாகும் என்றால், டீ நேரத்தை வரும் திங்கட்கிழமையே மாற்றிவிடலாம்.