கையில் வேலை கொடுத்த டிரினிடாட்காரர்களுக்கு

அன்புள்ள டான்ட்டிக்கும், பெல்மாண்ட் தெருவாருக்கும், பான்யார்ட் தம்பி தங்கைகளுக்கும், பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் பிரிந்துவிட்ட இன்னும் பலருக்கும்,

வணக்கம். இந்த மடலைத் தமிழில் எழுதச் சொன்னதே டான்ட்டிதான். "உன் பாஷையில் எழுது. அப்புறம் போன் போட்டு எனக்குப் புரிகிற மாதிரி நீயே சொல்லு" என்று உத்தரவு. உங்களில் யாருக்கும் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் கொஞ்சம் தாராளமாகவே புகழப்போகிறேன். கூச்சப்படாதீர்கள்.

நான் டொரன்டோவில் வேலை பார்க்கிறேன். ஆகஸ்ட் தொடக்கத்தில் இங்கே ஒரு பெரிய கரிபியன் ஊர்வலம் நடக்கும். கனடாவுக்குக் குடிவந்த கரிபியன் மக்கள் 1967-இல் தொடங்கியது. தஞ்சாவூரிலிருந்து வந்து என்னோடு தங்கியிருந்த அம்மா அதை வேலி ஓரமாக நின்று கண்கொட்டாமல் பார்த்தார். பார்த்து முடித்துவிட்டு, "இது உற்சவர்னா, மூலவர் எந்த ஊர்ல இருக்கார்?" என்று கேட்டார். கரிபியன் தீவான டிரினிடாட்டில், அங்கே நடக்கிற கார்னிவல் திருவிழாதான் இதற்கு மூலம் என்றேன். "அப்ப அங்க போவோம்" என்றார். அலுவலகத்தில் என் பக்கத்து மேஜைத் தோழி டிரினிடாட்காரி. விஷயத்தைக் கேட்டதுமே, "ஹோட்டலெல்லாம் எதுக்கு, என் பெரியம்மா வீட்டில் தங்கு" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெரியம்மாதான் நீங்கள், டான்ட்டி. முதல் நன்றி என் தோழிக்கு.

போன இடத்தில் முதல் சோதனை, பெட்டி வரவில்லை. அம்மாவின் புடவைகள் மொத்தமும் அதில். விமான நிலையத்தில் படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டு, கைப்பையோடு பெல்மாண்ட் வந்து இறங்கினோம். அரைமணி நேரத்தில் தெருவுக்கே சேதி போய்விட்டது. எதிர்வீட்டு அம்மா நீளப் பாவாடையும் பூப்போட்ட சட்டையும் கொண்டுவந்தார், அடுத்த வீட்டுக்காரர் மகளின் செருப்பைக் கொண்டுவந்தார். கல்யாணத்துக்குப் பிறகு புடவையைத் தவிர வேறெதுவும் உடுத்தாத என் அம்மா அந்தப் பாவாடையில் தெருவில் நடந்ததை நான் போட்டோ எடுத்துவைத்திருக்கிறேன். ஊரில் யாருக்கும் காட்டக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார், ஆனால் அழகாகத்தான் இருக்கிறார்.

டான்ட்டி, உங்கள் வீட்டுக் கூடத்தைச் சொல்லாமல் எப்படி? பெல்மாண்ட் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினின் பழைய குடியிருப்பு. அடிமைத்தளை நீங்கிய மக்கள் 19-ஆம் நூற்றாண்டில் குடியேறிய பகுதி, மாஸ் எனப்படும் கார்னிவல் வேட ஆடைகளைச் செய்கிற கைகளுக்குப் பேர்போனது. நாங்கள் உள்ளே நுழைந்தபோது சோபாவைக் காணோம். அது இருந்த இடத்தில் இறகு மூட்டைகள், கம்பிச் சுருள்கள், ஜிகினாத் துணி, மணிகள் கொட்டிய தட்டுகள். ஊர்வலத்தில் வேடமிட்டு ஆடும் குழுவைப் பேண்டு என்கிறார்கள்; சின்னதாய் அப்படி ஒரு பேண்டுக்கான தலையணிகள் நாலைந்து நாளில் முடிந்தாக வேண்டும். விருந்தாளிக்கு நாற்காலி போட்டுக் காபி கொடுப்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். நீங்கள் நாற்காலி போட்டீர்கள், சிவந்த புளிச்சைப் பூவில் செய்த சொரெல் பானமும் கொடுத்தீர்கள். அதைக் குடித்து முடிப்பதற்குள் அம்மா மடியில் ஒரு மணித்தட்டையும் வைத்துவிட்டீர்கள்.

அதற்காகத்தான் இந்த மடலே. அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. டொரன்டோவில் வந்த நாளிலிருந்து எல்லாரும் அவரை உட்கார வைத்துப் புன்னகைத்தார்கள், அவ்வளவுதான். நீங்கள் வேலை கொடுத்தீர்கள். பசைத் துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது என்று காட்டினீர்கள். அம்மா அதை இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "வேர்த்தா இது உதிர்ந்துடுமே, கோத்துடலாம்னு சொல்லு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். ஊசி வாங்கி, நூலை மெழுகில் இழுத்து, மணியை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வைத்து முல்லைச் சரம் தொடுக்கிற கைவேகத்தில் ஒரு முழம் கோத்துக் காட்டியபோது நீங்கள் பசைத் துப்பாக்கியைக் கீழே வைத்தீர்கள். மேல்வரிசை பசையில், நெற்றிவரிசை அம்மாவின் ஊசியில் என்று அன்றிரவே ஒப்பந்தம் ஆகிவிட்டது. இரண்டு பேரும் ஆளுக்கொரு மொழியில் மருமகள்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள் என்றுதான் நினைக்கிறேன். நான் மொழிபெயர்க்க வந்தபோதெல்லாம் விரட்டினீர்கள்.

கம்பி வளைக்கும் பெரியவருக்கு ஒரு தனி வணக்கம். அளவுகோல் இல்லை, பென்சில் கோடு இல்லை, ஒரு குறடு மட்டும். வெறும் கம்பி அவர் கையில் சிறகாகி எழுந்து நிற்கும். பெரிய பேண்டுகளின் ஆடைகளில் பல இப்போது சீனாவில் தயாராகிப் பெட்டி பெட்டியாக வந்து இறங்குகின்றன என்று அவர் சொன்னார். குறைசொல்லும் குரலில் இல்லை. "விலை அப்படி" என்றார். ஆனால் செவ்வாய்க்கிழமை தெருவில் நின்று பார்த்தபோது எது பெட்டியில் வந்தது, எது குறட்டில் பிறந்தது என்று எனக்கே தெரிந்தது. அவர் செய்த சிறகு ஆடுகிறவரோடு சேர்ந்து மூச்சுவிட்டது.

பான்யார்ட் பிள்ளைகளுக்கு வருகிறேன். ஸ்டீல்பான் வாத்தியத்தின் கதையை, குழு ஒத்திகை பார்க்கும் இடமான உங்கள் பான்யார்டில், கொசு கடிக்கக் கடிக்க, ஒத்திகை இடைவேளையில் கேட்டேன். அடிமைத்தனம் 1838-இல் முழுதாக முடிந்த பிறகு மக்கள் தீப்பந்தமும் முரசுமாகத் தெருவில் இறங்கிக் கொண்டாடிய கேன்புலே ஊர்வலத்தை ஆங்கிலேய அரசு தடுக்கப் பார்த்தது. 1881-இல் கேன்புலே கலவரம். அடுத்த சில ஆண்டுகளில் முரசுக்கே தடை. முரசு போனால் என்ன என்று மூங்கிலை வெட்டித் தரையில் குத்தித் தாளம் எழுப்பினார்கள். அப்புறம் பிஸ்கட் டின், குப்பைத்தொட்டி மூடி, கடைசியில் எண்ணெய் டிரம். 55 கேலன் டிரம்மின் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் குழியாக்கி, தீயில் காய்ச்சி, ஒவ்வொரு சுரமாகத் தட்டி எடுக்கிறார்கள். ஒரு காலத்தில் பான் வாசிக்கப் போகிற பையனை வீட்டில் ரவுடி என்று அடித்தார்களாம். 1992-இல் அதுவே நாட்டின் தேசிய வாத்தியம். எந்தத் தடைச் சட்டமாவது இவ்வளவு நல்ல இசையை வாங்கித் தந்திருக்கிறதா, எனக்குத் தெரிந்து இல்லை.

நீங்கள் வாசித்ததைவிட நீங்கள் கற்றுக்கொண்ட விதம்தான் என்னைக் கட்டிப்போட்டது. தாளில் சுரம் எழுதி வைத்துக்கொண்டவர்கள் நாலைந்து பேர் இருந்தால் அதிகம். மெட்டமைப்பவர் ஒரு துண்டை வாசித்துக் காட்ட, வங்கி ஊழியர், பள்ளிக்கூடப் பெண், வெல்டிங் பட்டறைக்காரர் எல்லாரும் திரும்பத் திரும்ப அடித்துக் கையில் ஏற்றுகிறார்கள். ஒரு பெண் பேஸ் டிரம்கள் ஒன்பதுக்கு நடுவே நின்று சுழன்று சுழன்று வாசித்தாள். பெரிய குழு என்றால் நூறு பேருக்கு மேல். 1963-இல் தொடங்கிய பானரமா போட்டியில் சில நிமிட வாசிப்புக்காக வாரக்கணக்கில் ராத்தூக்கம் போகிறது.

போட்டி அன்று குவீன்ஸ் பார்க் சவானா மைதானத்தில் ஓரமாய் நின்றவளிடம், "சும்மா நிக்கிறியா? தள்ளு" என்று சொன்ன அந்தத் தம்பிக்குக் கோடி நன்றி. வாத்தியங்கள் எல்லாம் சக்கரம் வைத்த இரும்புச் சட்டங்களில் ஏறி வரும். அவற்றை மேடைக்குத் தள்ளிக்கொண்டு போவது குழுவின் சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும்தான். தேர்வடம் பிடித்த குடும்பம் எங்களுடையது, எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மேடை விளக்கு கண்ணில் அடித்த அந்த நொடியில் நான் பார்வையாளர் பக்கம் இல்லை. பரிசு கிடைக்கவில்லை. அதைப் பற்றி விடிய விடிய நீங்கள் நடுவர்களைத் திட்டியதிலும் நான் மனப்பூர்வமாகக் கலந்துகொண்டேன்.

திங்கள் விடியுமுன் தொடங்கும் ஜூவே என்ற தெரு ஆட்டத்துக்கு அம்மா வரவில்லை. நான் போனேன். சேறு, சாயம், கரி, யாரோ சாக்லேட்கூடப் பூசினார்கள். ஏழு மணிக்கு வீட்டு வாசலில் நான் நின்றபோது அம்மா கதவைத் திறக்க மறுத்துவிட்டார். தோட்டத்துக் குழாயால் என் மேல் தண்ணீர் அடித்துக் கழுவிய பக்கத்து வீட்டுத் தங்கைக்கு நன்றி, காதுக்குள் இருந்தது மட்டும் டொரன்டோ வரை வந்தது.

அன்று மாலை எங்களை மலைமேல் பராமின் கிராமத்துக்குக் கூட்டிப்போனவர் மேக்ஸி டாக்சி அண்ணன். மஞ்சள் பட்டை போட்ட வண்டி, உள்ளே காது கிழியும் சோகா பாட்டு. உடம்பெல்லாம் நீலம் பூசிய பிசாசுகள் டின்னை அடித்துக்கொண்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு வந்து காசு கேட்கும். கொடுக்காவிட்டால் மேலே ஒட்டிக்கொள்ளும். சில்லறை மாற்றி வைத்துக்கொள்ளச் சொல்லி முன்பே எச்சரித்திருந்தார் அண்ணன். ஒரு பிசாசு அம்மாவின் முகத்துக்கு நேரே வந்து உறுமியது. அம்மா அதன் தோளை விரலால் தொட்டு, முகர்ந்து, "துணிக்குப் போடுற நீலம் மாதிரில்ல இருக்கு!" என்றார். அந்தக் காலத்தில் சலவை நீலத்தைத்தான் பூசிக்கொண்டார்களாம், அண்ணன் விளக்கினார். பிசாசுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காசு மட்டும் வாங்காமல் விடவில்லை.

செவ்வாய்க்கிழமைதான் எல்லாரும் படத்தில் பார்க்கிற கார்னிவல். மணியும் இறகுமாக, இருபது வயதும் எழுபது வயதும், ஒல்லியும் பருமனும், ஒரே வரிசையில் இடுப்பை ஆட்டிக்கொண்டு போகிறார்கள். அம்மா என்ன சொல்வாரோ என்று எனக்கு உள்ளூர உதறல். ஆனால் அம்மா, "அந்தப் பாட்டியைப் பாரு, என்ன தெம்பு" என்றார். தான் கோத்த தலையணி தெருவில் வந்தபோது மணி உதிர்ந்திருக்கிறதா என்றுதான் எட்டி எட்டிப் பார்த்தார். ஒன்றும் உதிரவில்லை.

உச்சிவெயிலில் அவருக்குத் தலைசுற்றியது. கூட்டத்தில் நான் பதறிப்போய் நின்றபோது, ஆடிக்கொண்டிருந்த ஒரு பெண் வரிசையை விட்டு வந்தார். முதுகில் கட்டியிருந்த ஆளுயர ஆரஞ்சு இறகுச் சிறகைக் கழற்றி, குடைபோல அம்மாவுக்கு மேலே பிடித்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் கொடுத்தார். தன் பேண்டின் தண்ணீர் லாரிக்கு ஓடி, ஐஸ் துணியும் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரும் கொண்டுவந்தார். நாடி பார்த்தார். வேலையில் நர்ஸாம். "மம்மி எழுந்து உட்கார்ற வரைக்கும் எனக்கு ஆட்டமில்லை" என்று நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஒருநாளுக்காக வருஷம் முழுக்கப் பணம் சேர்த்திருப்பார், அவருடைய பேண்டு மேடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. சகோதரி, உங்கள் பெயரைக்கூட அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை. யாராவது அவரைத் தெரிந்தால் இதைச் சேர்ப்பித்துவிடுங்கள்.

விழா முடிந்து ஊர் அடங்கியபின், மேக்ஸி அண்ணன் எங்களை வாட்டர்லூவுக்குக் கூட்டிப்போனார். சிவ்தாஸ் சாது என்ற கரும்புத் தோட்டத் தொழிலாளி 1947-இல் கடலோரம் ஒரு கோயில் கட்டினார். நிலம் சர்க்கரைக் கம்பெனியுடையது என்று சிறைக்கு அனுப்பினார்கள், கோயிலை இடித்தார்கள். நிலம்தானே உங்களுடையது என்று அவர் கடலுக்குள் போய், சைக்கிளில் கல் சுமந்து மறுபடி கட்டினார். 1995-இல் அது புதுப்பிக்கப்பட்டது. அண்ணனின் முன்னோர்களில் ஒருவர் மதராஸ் துறைமுகத்தில் கப்பலேறியவர் என்று மட்டும் அவருக்குத் தெரியும். 1845 முதல் 1917 வரை டிரினிடாட்டுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர்களில் பெரும்பாலோர் கல்கத்தா வழி வந்தவர்கள், நம் பக்கத்தார் குறைவு. ஊர் என்ன, பேர் என்ன என்று அம்மா துருவிப் பார்த்தார். பதிலில்லை. சரி, என்று அம்மா தன் பையிலிருந்த திருநீற்றை எடுத்து அவர் நெற்றியில் வைத்தார். அன்று மாலை அவர் வீட்டு முற்றத்தில் டாஸா முரசு அடிக்கும் பையன்கள் ஆட்டுத்தோலைத் தீ மூட்டிக் காய்ச்சி முறுக்கேற்றினார்கள். எங்கள் ஊரில் பறையை இப்படித்தான் காய்ச்சுவார்கள் என்றதும், "அப்படியானால் ஒரு அடி அடி" என்று குச்சியை நீட்டினார்கள். அங்கும் வேலைதான்.

தெருமுனை டபுள்ஸ்காரரை விட்டுவிட்டால் அம்மா கோபித்துக்கொள்வார். பாரா என்ற மெல்லிய பொரித்த ரொட்டி இரண்டு, நடுவில் கொண்டைக்கடலைக் குழம்பு, புளிச் சட்னி, தாளில் பொட்டலம், நின்றுகொண்டே ஆறு வாயில் முடித்துவிட வேண்டும். மிளகாயை இன்னும் போடு என்று அம்மா சைகை காட்டக் காட்ட அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். 2012-இல் உலகிலேயே காரமானது என்று கணிக்கப்பட்ட மொருகா ஸ்கார்பியன் மிளகாய் விளைகிற மண் அது. கடைசி நாள் துளியூண்டு தொட்டு வைத்தார். ஐயா, நீங்கள் முன்பே தடுத்தது சரிதான் என்று சொல்லச் சொல்கிறார் அம்மா.

டான்ட்டி, பார்சல் ஒன்று அனுப்பியிருக்கிறோம். உள்ளே சுங்குடிப் புடவை. கட்ட வராவிட்டால் வெட்டித் தைத்துக்கொள்ளுங்கள், அம்மாவுக்கு வருத்தமில்லை. எதிர்வீட்டம்மாவின் பாவாடையும் சட்டையும் துவைத்து மடித்து அதிலேயே இருக்கின்றன. மேக்ஸி அண்ணன் வாட்டர்லூ பயணத்துக்கு வாங்க மறுத்த பணம் ஒரு கவரில். திட்டியாவது அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அடியில் ஒரு ஊசிப் பாக்கெட், காது பெரிய ஊசிகள். மணி கோக்க இதுதான் தோது என்று அம்மா கும்பகோணத்திலிருந்து வரவழைத்தது. அடுத்த வருஷத் தலையணியில் நெற்றிவரிசையை யாருக்கும் கொடுத்துவிடாதீர்களாம்.

அன்புடன்,
அம்மாவும் நானும்