யாருக்கு விசுவாசம் குறைவு?

அன்புள்ள ஆசிரியருக்கு, ஸ்தோத்திரம்.

சென்ற இதழில் விசுவாசத்தைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். முழு மனதோடு விசுவாசித்தால் கேட்டது கிடைக்கும், கிடைக்காவிட்டால் கோளாறு கேட்டவரிடம்தான் என்கிற மாதிரி போகிறது. எங்கள் சோமனூர், பல்லடம் பக்கத்து ஜெபக்கூட்டங்களிலும் இதையேதான் மைக் வைத்துச் சொல்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீதியில் ஒரு அக்காவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. கூட்டத்தில் தலையில் கைவைத்து ஜெபித்த ஊழியர் ஒருவர், இனி மாத்திரையைத் தொட்டால் அது அவிசுவாசம் என்று சொல்லிவிட்டார். அக்காவும் நிறுத்திவிட்டார். காலில் புண் வந்து கட்டைவிரலை எடுத்த பிறகு பார்க்கப் போனேன். "எனக்குத்தான் விசுவாசம் பத்தலையாட்ட இருக்குது கண்ணு" என்றார். விரலும் போய், பழியும் அவர் தலையில். சொன்ன ஊழியர் அதற்குள் அடுத்த ஊர்க் கூட்டத்துக்குப் போயாயிற்று.

விசுவாசத்துக்கு இப்படி அளவு பார்க்கும் வேலையை வேதத்தில் நான் காணவில்லை. மாற்கு 9ஆம் அதிகாரத்தில் பிள்ளைக்காக வந்த தகப்பனை எடுத்துக்கொள்ளுங்கள். "நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால்" என்று இழுத்துக்கொண்டுதான் கேட்கிறான். அப்புறம், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கதறுகிறான். பாதி விசுவாசம், பாதி சந்தேகம். இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, பிள்ளை பிழைத்தான். நம்மூர் மேடையாக இருந்திருந்தால் அந்த ஆளை வரிசையின் கடைசிக்குத் தள்ளியிருப்பார்கள்.

விசுவாசத்தில் சிறந்தவர்களை வரிசையாகச் சொல்லும் எபிரெயர் 11ஐக் கட்டுரை மேற்கோள் காட்டுகிறது, சரி. ஆனால் சிங்கங்களின் வாயை அடைத்தார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. இன்னும் நாலு வசனம் தள்ளிப் படித்தால் கல்லெறியுண்டவர்களும் வாளால் அறுப்புண்டவர்களும் வருகிறார்கள். இவர்கள் எல்லாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றும், வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள் என்று 39ஆம் வசனம் சொல்கிறது. அவர்களுக்கு எது பத்தவில்லையாம்? அப்போஸ்தலன் பவுலே தன்னோடு ஊழியம் செய்த துரோப்பீமுவை மிலேத்து ஊரில் வியாதியோடு விட்டுவிட்டு வந்ததாக எழுதுகிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளச் சொல்கிறார். அவிசுவாசி என்று யாரையும் திட்டவில்லை.

ஈரோட்டுக்கு வந்த லண்டன் மிஷன்காரர்களும் ஆலயத்தோடு நிற்காமல் ஆஸ்பத்திரியும் கட்டினார்கள். ஜெபிக்கத் தெரியாமலா கட்டினார்கள்?

எனக்குப் புரிந்தவரை, விசுவாசம் என்பது ஆண்டவர்மேல் வைக்கும் நம்பிக்கை. நாம் கேட்ட காரியத்தின்மேல் அல்ல. காரியம் கைகூடினால் சந்தோஷம். கூடாவிட்டாலும் அவரை விட்டுப் போவதில்லை. தேவன் எங்களை விடுவிக்காமற்போனாலும் உம்முடைய சிலையைப் பணியமாட்டோம் என்று அக்கினிச்சூளையின் முன்னால் நின்று தானியேல் புத்தகத்தில் வரும் சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ என்ற மூன்று பேர் ராஜாவிடம் சொன்னதும் இதைத்தான்.

எங்கள் சபையில் ஒருவர் நூல் விலையும் கூலிப் பிரச்சினையும் சேர்ந்து நெருக்கியதில் தறிகளை எடைக்குப் போட்டுவிட்டு, இப்போது இன்னொருவர் பட்டறையில் கூலிக்குத் தறி ஓட்டுகிறார். தறி தப்ப வேண்டும் என்று குடும்பமே உபவாசம் இருந்து ஜெபித்தது, தப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் பாய் விரிக்கிற வேலையை மட்டும் அவர் இன்னும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆபகூக் தீர்க்கதரிசி சொன்ன "தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும், நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்ற வசனத்தை வாசிக்கும்போது எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

உங்கள் சாட்சிப் பக்கத்தில் மாதாமாதம் சுகம் பெற்றவர்களும் வீடு கட்டியவர்களும் வருகிறார்கள். வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. இவரைப் போன்றவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கூடவே, டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று ஒரு வரியைக் கட்டம் கட்டிப் போட்டால் எங்கள் வீதி அக்காவிடம் நானே கொண்டுபோய்க் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சோமனூர்.