படித்தவர்கள்தான் பையைக் குத்தினார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பக்தர்களைக் கொலைவரை கொண்டுபோன சாமியார்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்க சாமியார் ஜிம் ஜோன்ஸின் பக்தர்கள் கூட்டமாக மாண்ட ஜோன்ஸ்டவுன், ஜப்பானின் ஓம் ஷின்ரிக்யோ என்ற மத அமைப்பு எல்லாவற்றையும் தொட்டுவிட்டு, படிப்பறிவு இல்லாததுதான் இதற்கெல்லாம் காரணம் என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். ஜப்பான் விஷயத்தில் இது கொஞ்சமும் பொருந்தாது. பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். அந்த வரியை அப்படியே விட மனம் வரவில்லை.

1995 மார்ச் 20, திங்கட்கிழமை காலை. டோக்கியோ சுரங்க ரயிலில், அலுவலகக் கூட்டம் நெரியும் நேரத்தில், ஓம் சீடர்கள் ஐந்து பேர் ஐந்து வண்டிகளில் ஏறினார்கள். செய்தித்தாளில் சுற்றிய பிளாஸ்டிக் பைகளைக் காலடியில் போட்டு, கூராகத் தீட்டிய குடைமுனையால் குத்திவிட்டு இறங்கிப் போனார்கள். பைகளில் இருந்தது சரின் என்ற கொடிய நரம்பு நச்சு. ஐந்து வண்டிகளும் அரசு அலுவலகங்கள் நிறைந்த கசுமிகசெகி நிலையத்தை நோக்கிப் போனவை. அன்றைய பாதிப்பால் 14 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கால் நூற்றாண்டு படுக்கையில் கிடந்து 2020இல் இறந்தவர். பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 6,000 பேர்.

பையைக் குத்திய ஐந்து பேர் யார்? ஹயாஷி இகுவோ, பெயர்பெற்ற கெய்யோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த இதய அறுவை சிகிச்சை நிபுணர். டொயோடா டோரு, டோக்கியோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆராய்ச்சி செய்தவர். ஹிரோசே கெனிச்சி, வசேதா பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு இயற்பியல் படித்தவர். மற்ற இருவரும் கல்லூரிக்குப் போனவர்கள்தான். சரினைத் தயாரித்த சுச்சியா மசாமி என் துறைக்காரர்; கரிம வேதியியலில் முதுகலை முடித்தவர். வயலில் தெளிக்கும் சில பூச்சிமருந்துகளும் சரினும் ஒரே குடும்பத்துச் சேர்மங்கள். மூச்சுத்தசையை எப்படி அது செயலிழக்க வைக்கும் என்பது இவர்களுக்குத் தெரியாத விஷயமா? ஹயாஷிக்கு மருத்துவராகவே தெரியும். தெரிந்துதான் குத்தினார். அவர் வண்டியில் கசிந்து கிடந்ததைத் துடைத்து அப்புறப்படுத்திய இரண்டு ரயில்வே ஊழியர்கள் இறந்துபோனார்கள்.

ஓம் அமைப்பின் தலைவர் அசஹாரா ஷோகோவோ, சொல்லப்போனால், இவர்கள் எல்லாரையும்விடக் குறைவாகப் படித்தவர். இயற்பெயர் மட்சுமோட்டோ சிசுவோ. 1955இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பார்வைக் குறைபாட்டால் பார்வையற்றோர் பள்ளியில் படித்தவர். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறவில்லை. அனுமதி இல்லாத மருந்து விற்றதற்காக 1982இல் கைதாகி அபராதம் கட்டியவர். 1984இல் டோக்கியோவில் யோகா வகுப்பு தொடங்கினார். அப்புறம் இமயமலைக்குப் போய் ஞானம் பெற்றுவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரும்பினார்.

அந்த யோகா வகுப்புக்கு வந்தவர்கள் யாரும் கொலை செய்ய வரவில்லை. முதுகுவலிக்கு வந்தவர்கள் உண்டு, நிம்மதி தேடி வந்தவர்கள் உண்டு. நோயாளிகள் சாவதைப் பார்த்துப் பார்த்து, சாவுக்கு விடை தேடி வந்தவர் ஹயாஷி. பிறகு வேலையையும் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு உள்ளே போனார். ஒருவர் துறவு ஏற்றால் சொத்தை எழுதிக் கொடுக்க வேண்டும், வீட்டுத் தொடர்பை அறுக்க வேண்டும். அரைவயிற்றுச் சாப்பாடு, அரைகுறைத் தூக்கம். குருவின் ரத்தமும் குளித்த தண்ணீரும்கூட விலைக்குப் போயின. தலையில் மின்முனைகள் பொருத்திய ஒரு தொப்பி வேறு. குருவின் மூளை அலைகளைச் சீடனின் மூளைக்குள் செலுத்துமாம். அதை உருவாக்கியவராகச் சொல்லப்படும் முராய் ஹிதேயோ வானியற்பியல் படித்து ஒரு பெரிய எஃகு நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்தவர். பகுத்தறிவு இல்லையா இவர்களுக்கு? இருந்தது. ஒரு சின்னக் கேள்வியை விட்டுக்கொடுத்தார்கள், பிறகு கொஞ்சம் பெரிய கேள்வியை விட்டுக்கொடுத்தார்கள். கொலை என்ற இடம் வந்தபோது கேட்கிற பழக்கமே போயிருந்தது. ஆசிரியனாக இருந்தவன் சொல்கிறேன், எங்கள் வகுப்பறைகளிலும் எதிர்க்கேள்வி கேட்காத பிள்ளைக்குத்தான் நல்ல பிள்ளை என்று பெயர்.

கட்டுரை முழுக்க அவர்கள் எதை நம்பினார்கள் என்பதைப் பற்றித்தான் பேசுகிறது. உலக அழிவு, மறுபிறவி, மந்திரம் என்று பக்கம் நிரம்பியிருக்கிறது. விசித்திரமான நம்பிக்கை உள்ளவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். பெரும்பாலோர் யாரையும் கொல்வதில்லை. என்னைக் கேட்டால், பார்க்க வேண்டியது ஒன்றுதான்: வெளியே போகிறேன் என்பவரை அந்த அமைப்பு என்ன செய்கிறது?

ஓம் அமைப்பின் கொலைகள் சுரங்க ரயிலில் தொடங்கவில்லை. 1988இல் பயிற்சியின்போது ஒரு சீடர் இறந்தார். மத நிறுவனமாகப் பதிவுபெற முயன்றுகொண்டிருந்த நேரம். விஷயம் வெளியே தெரியக் கூடாது என்று உடலை ரகசியமாக எரித்துவிட்டார்கள். இதை அறிந்த இன்னொரு இளைஞர் அமைப்பைவிட்டுப் போக வேண்டும் என்றார். 1989 பிப்ரவரியில் அவரைக் கொன்றார்கள். முதல் கொலை இதுதான். கொல்லப்பட்டவர் எதிரியல்ல, வீட்டுக்குப் போக நினைத்த ஒரு சீடர். கொல்வதன் மூலம் அந்த ஆன்மாவை மேலுலகுக்கு உயர்த்துகிறோம் என்று குரு விளக்கம் கொடுத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் பதிவும் கிடைத்துவிட்டது.

வெளியே, ஓம் அமைப்பில் சேர்ந்துவிட்ட பிள்ளைகளைத் தேடி அலைந்த பெற்றோருக்காக வாதாட வந்தவர் சகாமோட்டோ சுட்சுமி, 33 வயது வழக்கறிஞர். அவர் கொடுத்த பேட்டியை ஒளிபரப்புவதற்கு முன்பே டிபிஎஸ் தொலைக்காட்சி ஓம் ஆட்களுக்குப் போட்டுக்காட்டியது. பேட்டியை ஒளிபரப்பவும் இல்லை. சில நாட்களில், 1989 நவம்பரில், நள்ளிரவில் வீடு புகுந்து அவரையும் மனைவியையும் ஒரு வயது நிரம்பிய ஆண் குழந்தையையும் கொன்றார்கள். மூன்று உடல்களை மூன்று மாவட்டங்களில் புதைத்தார்கள். வீட்டில் ஓம் அமைப்பின் சின்னம் ஒன்று கிடந்தும், காவல்துறை ஆள் காணாமல்போன வழக்காகவே இழுத்தது. உடல்கள் கிடைத்தது 1995 செப்டம்பரில். தொலைக்காட்சி தன் தவறை ஒப்புக்கொண்டது 1996இல். பத்திரிகை நடத்தும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சகாமோட்டோ குடும்பம் காணாமல்போய் நான்கு மாதங்கூட ஆகவில்லை, அசஹாராவும் 24 சீடர்களும் நாடாளுமன்றத் தேர்தலில் நின்றார்கள். குருவின் முகமூடியும் யானைமுகத் தொப்பியும் போட்டுத் தெருவில் ஆடினார்கள். எல்லாரும் தோற்றார்கள். ஊர் சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனது. 1994 ஜூனில் மட்சுமோட்டோ நகரில், ஓம் அமைப்பின் நில வழக்கை விசாரித்த நீதிபதிகளின் குடியிருப்புப் பக்கம் சரின் பரப்பினார்கள். 8 உயிர்கள் போயின. அப்போதும் காவல்துறையும் ஊடகங்களும் சந்தேகப்பட்டது, முதலில் தகவல் சொன்ன கோனோ யோஷியுகி என்ற அப்பாவியை. அவர் மனைவி அந்த நச்சால் நினைவிழந்து, 14 ஆண்டுகள் அப்படியே கிடந்து இறந்தார்.

சரி, குரு என்ன ஆனார்? 1995 மே 16 அன்று, ஓம் அமைப்பு 'சத்தியம்' என்று பெயர் சூட்டி எண் போட்டிருந்த தன் கட்டடங்களில் ஆறாவதில், குறுகலான ஒரு மறைவிடத்தில் படுத்திருந்தவரைப் பிடித்தார்கள். பக்கத்தில் கட்டுக்கட்டாகப் பணம். வழக்கு நடந்த ஆண்டுகளில் பெரும்பாலும் வாயைத் திறக்கவில்லை, திறந்தால் உளறல். 2018 ஜூலையில் அவரோடு சேர்த்து 13 பேரைத் தூக்கிலிட்டார்கள். பையைக் குத்திய ஐவரில், நடந்ததை முழுதாக ஒப்புக்கொண்ட ஹயாஷி இகுவோவுக்கு மட்டும் ஆயுள் தண்டனை. மற்றவர்களையும் உயிரோடு வைத்துப் பேசவிட்டிருந்தால் இன்னும் எவ்வளவோ தெரிந்திருக்கும் என்பது என் கட்சி. அந்த அமைப்பின் வாரிசாக வந்த 'அலெஃப்' இன்றும் இருக்கிறது, சரின் தாக்குதலின்போது பிறந்தே இராத இளைஞர்களை இன்றும் சேர்க்கிறது.

அடுத்த இதழில் தொடர்ச்சி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் அசஹாராவின் தாடி வைத்த படத்துக்கு மறுபடி அரைப்பக்கம் ஒதுக்க வேண்டாம். சகாமோட்டோவைப் பற்றி எழுதுங்கள். கசுமிகசெகியில் இறந்த ஊழியர் ஒருவரின் மனைவி தகஹாஷி ஷிசுவே, பாதிக்கப்பட்டவர்களைத் திரட்டி ஆண்டுக்கணக்கில் போராடினார். அரசே உதவித்தொகை தரும் சட்டம் 2008இல்தான் வந்தது. அவரைப் பற்றியும் எழுதுங்கள். அந்த 'படிப்பறிவு இல்லாதது' என்ற வரிக்கு ஒரு திருத்தம் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
ஈரோடு